ஆசிரியர் ஆக எத்தனை ஆண்டு?

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், நகரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு மறுபுறத்தில் அடி அண்ணாமலை அமைந்திருக்கிறது. ஆதி அருணாசலேசுவரர் கோயிலையும் மாணிக்கவாசகர் சன்னிதியையும் கொண்ட இவ்வூரைப் பௌர்ணமிதோறும் பல லட்சம் பேர் கடந்து செல்கின்றனர். அந்தக் கூட்டம் கலைந்த மறுநாள் இவ்வூரும் இதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் வேளாண்மையையும் கூலி வேலையையும் சிறு வணிகத்தையும் நம்பி வாழும் சாதாரணக் கிராமங்களாகிவிடுகின்றன. இத்தகைய ஊர்களில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளிடம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் அடிக்கடி வரும் விடைகளில் ஒன்று 'டீச்சர் ட்ரெய்னிங்' என்பதாகும். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்கள் மிக நெருக்கத்தில் பார்த்த அரசு ஊழியர் ஆசிரியர்தான். சொந்த மாவட்டத்திலேயே செய்யக்கூடியது, பெற்றோர் தயங்காமல் அனுமதிப்பது, ஊரில் மதிப்புடையது என்ற மூன்று காரணங்களும் இவ்விருப்பத்துக்குத் துணை நிற்கின்றன. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது திருவண்ணாமலை மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 74 விழுக்காடாகவே இருந்ததை நினைத்தால், இந்த மண்ணிலிருந்தே ஆசிரியர்கள் உருவாவது மாவட்டத்துக்கும் தேவையான ஒன்று என்பது விளங்கும்.

பள்ளிப் படிப்பை முடித்தவர் ஆசிரியராவதற்கு இன்று இரண்டு முதன்மையான வழிகள் உள்ளன. ஒன்று, தொடக்கக் கல்விப் பட்டயம் எனப்படும் இரண்டாண்டுப் படிப்பு. முன்பு 'டி.டி.எட்.' என்றும் இப்போது 'டி.எல்.எட்.' என்றும் வழங்கும் இதனை முடித்தவர் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியராகலாம். மற்றொன்று, கலை அல்லது அறிவியலில் பட்டம் பெற்று, அதன்பின் பி.எட். படித்துப் பட்டதாரி ஆசிரியராவது. 2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிகளால் அதுவரை ஓராண்டாக இருந்த பி.எட். 2015-16 முதல் இரண்டாண்டாக நீண்டதால், இந்த இரண்டாம் வழி பள்ளிக்குப் பின் ஐந்தாண்டுப் பயணமாகிவிட்டது. பட்டத்தையும் பி.எட்.டையும் ஒன்றாக்கிய நான்காண்டுப் படிப்பும் இருக்கிறது. மைசூரிலுள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. எனினும் கிராமத்து மாணவர்களுக்கு எளிதில் எட்டும் இடங்கள் அதில் குறைவு.

பட்டயப் படிப்புக்காக மாவட்டந்தோறும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் உருவாக்கப்பட்டன. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பிறந்த இவற்றில் திருவண்ணாமலை மாவட்டத்துக்குரியது செஞ்சி சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது. 2000ஐ அடுத்த பத்தாண்டில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் ஊர்தோறும் முளைத்தன. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் பிள்ளைகளைச் சேர்த்த குடும்பங்கள் பல. வேலை கிடைப்பது அரிதானதும் அந்நிறுவனங்களில் பெரும்பாலானவை ஆளின்றி மூடப்பட்டன. பி.எட். முடித்தவரும் தொடக்கப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2018இல் வந்த அறிவிக்கை பட்டயப் படிப்பின் மதிப்பை மேலும் குறைத்தது. அந்த அறிவிக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் மாதத்தில் தீர்ப்பளித்த பின், சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தகுதி மீண்டும் பட்டயம் பெற்றவர்களுக்கே உரியதாயிற்று. குறைந்த செலவில், இரண்டே ஆண்டுகளில் முடியும் இப்படிப்பு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்பதால் இத்தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமானதே.

ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகை அளிப்பது தமிழகத்தில் புதிய எண்ணம் அன்று. சென்னை மாகாணத்தில் முதலில் பட்டம் பெற்ற இந்து விதவை எனப் போற்றப்படும் சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் பட்டம் பெற்ற கையோடு இளம் விதவைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். அவ்விதவைகளை ஆசிரியைகளாக்குவதே அவருடைய நோக்கமாக இருந்தது. பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் திண்டாடிய ஆங்கிலேய அரசும் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. 1922இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது சுப்புலட்சுமியே அதன் முதல்வரானார். இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது, பயிற்சிக்குப் பணமும் தங்குவதற்கு இடமும் முடித்தவுடன் வேலையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன என்பதாகும். 1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் ஓராசிரியர் பள்ளிகள் சிற்றூர்களில் பெருகியபோதும் பள்ளியிறுதி வகுப்பு முடித்த கிராமத்து இளைஞர்கள் பயிற்சி பெற்றோ, வேலையில் சேர்ந்த பின் பயிற்சிக்குச் சென்றோ ஆசிரியரானார்கள். அந்தத் தலைமுறையின் பேச்சு வழக்கில் 'வாத்தியார் வேலை' என்றாலே உறுதியான வேலை என்பதே பொருள்.

இன்று உதவித்தொகைகளின் எண்ணிக்கை அன்றைவிட அதிகம். பள்ளிப் பருவத்திலேயே, எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் வெற்றி பெறுவோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ₹1,000 பெறுகின்றனர். சிற்றூர்ப் பள்ளி மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வு மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியரைத் தெரிந்தெடுத்து ஆண்டுக்கு ₹1,000 வழங்குகிறது. தொகை சிறிது, பெருமை பெரிது. பள்ளிக்குப் பின், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் நாளில் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவி உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் ₹1,000 அவருடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும், ஆண்டு வருமானம் ₹2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஜவ்வாது மலையின் பழங்குடிக் குடும்பங்களைக் கொண்ட இம்மாவட்டத்தில் அதன் பயன் கணிசமானது.

இத்தனை இருந்தும் ஆசிரியப் படிப்புக்கு இவை முழுமையாகப் பொருந்துவதில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆகியவை பள்ளிக்குப் பின் சேரும் முதல் படிப்பை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. டி.எல்.எட். படிப்பவருக்கு அதன் இரண்டு ஆண்டுகளுக்கும் அவை கைகொடுக்கும். பட்டம் முடித்து பி.எட். வாசலுக்கு வரும் பெண்ணுக்கோ, கட்டணம் கூடும் அந்த நேரத்தில் மாதாந்தரத் தொகை நின்றுவிடுகிறது. அரசுக் கல்வியியல் கல்லூரிகள் மாநிலம் முழுவதற்கும் ஏழு மட்டுமே. அரசு உதவிபெறும் பதினான்கையும் சேர்த்தால் 21. திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரி வேலூரில் இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காதவர் சுயநிதிக் கல்லூரிக்குப் போக வேண்டும்.

கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவு எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. இரண்டாண்டு பி.எட்.டில் இருபது வாரம் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி கட்டாயம். அந்த வாரங்களில் மாணவ ஆசிரியை ஒவ்வொரு பாடத்துக்கும் பாடக் குறிப்பு எழுத வேண்டும்; சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் மின்னட்டையும் தெர்மாகோல் மாதிரியும் தன் பணத்தில் வாங்க வேண்டும்; சீருடைப் புடவை எடுக்க வேண்டும்; பருவ இறுதியில் ரெக்கார்டு நோட்டுகளை அட்டை போட்டு ஒப்படைக்க வேண்டும். 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மையில் பெரிய உதவி. ஊர் விட்டு ஊர் செல்லும் மற்றப் பேருந்துகளில் அந்தச் சலுகை இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, விடுமுறையில் மல்லாட்டை பறிக்கவோ கடையில் நிற்கவோ போய்ச் சேர்க்கும் கூலியை இந்த இருபது வாரங்களில் அவர் இழக்கிறார். உதவித்தொகை கையெழுத்தாகி வரும் நாளும் ஒரு சிக்கல். ஆதாரில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரியும் இனிஷியல் இருந்தாலே எமிஸ், யுமிஸ் எனப்படும் அரசின் கணினிப் பதிவுகளில் விண்ணப்பம் தேங்கிவிடுகிறது. ஆண்டு முடிவில் வரும் பணம் ஆண்டுத் தொடக்கத்துச் செலவைத் தீர்ப்பதில்லை. இடைவெளியை வட்டிக் கடன் நிரப்புகிறது.

பயிற்சி முடிந்த பின் வரும் காத்திருப்பு இதைவிடக் கடினமானது. 2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட் தேர்வு, நடைமுறைக்கு வந்தது. முதல் தாள் தொடக்க வகுப்புகளுக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு. தாளுக்கு 150 மதிப்பெண். தமிழகத்தில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அவ்வாண்டே மறுதேர்வு நடத்த வேண்டியதாயிற்று. அதன்பின் 2013, 2017, 2019, 2022, 2025 எனத் தேர்வுகள் விட்டு விட்டு வந்தன. தேறினாலே வேலை என்ற நிலையும் 2018இல் மாறி, டெட் தேறியவர்க்குத் தனிப் போட்டித் தேர்வு என்ற ஆணை வந்தது. இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தப் போட்டித் தேர்வு 2024 ஜூலை 21 அன்றுதான் நடந்தது. பணியிடங்கள் 2,768.

இதனை ஒரு கணக்காகப் பார்க்கலாம். 2012இல் பிளஸ் டூ முடித்து, 2014இல் பட்டயம் பெற்ற ஒருவருக்கு டெட் எழுதும் முதல் வாய்ப்பு 2017இல் வந்தது. அதில் முதல் முறையிலேயே தேறியிருந்தாலும் போட்டித் தேர்வுக்கு இன்னும் ஏழாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இருபது வயதில் பயிற்சி முடித்தவர் தேர்வறைக்குள் நுழையும்போது முப்பதை எட்டியிருப்பார். இந்தப் பத்தாண்டில் அவருக்கு எந்த உதவித்தொகையும் இல்லை. திருமணமும் குழந்தையும் தனியார் பள்ளியின் குறைந்த சம்பளமும் இருந்திருக்கும். கிராமத்துப் பெண்கள் ஆசிரியப் பணியைக் கைவிடுவது பயிற்சியின்போதா, இந்தக் காத்திருப்பின்போதா என்று கேட்டால், இரண்டாவதையே சொல்ல வேண்டும். அரசின் உதவி முழுவதும் முதலாவதற்கே செலவாகிறது.

காத்திருப்போருக்கு இடையில் சில நிழல்கள் கிடைத்தன. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பிளஸ் டூ முடித்தவரையும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான தன்னார்வலராக ஏற்று மாதம் ₹1,000 கொடுத்தது. வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை நேரத்தில் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்திய அனுபவம், எந்தப் பயிற்சி நிறுவனமும் தராத ஒன்று. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக நியமிக்கப்பட்ட தற்காலிக இடைநிலை ஆசிரியர்களுக்குத் தொடக்கத்தில் ₹7,500 மட்டுமே தரப்பட்டது. பின்னர் அது ₹12,000 ஆனது. உள்ளூர்க்காரர்களுக்கு வகுப்பறை அனுபவத்தைத் தந்தது இதன் நன்மை; நிரந்தர நியமனத்தைத் தள்ளிப்போட வசதி செய்து கொடுத்தது இதன் தீமை.

வேறு நாடுகளில் இதனை எவ்வாறு கையாண்டனர் என்பதற்குத் தமிழர்களிடையிலேயே ஒரு சான்று உண்டு. இலங்கையின் கல்வியியற் கல்லூரிகள் உயர்தரம் முடித்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு விடுதியில் தங்க வைத்துப் பயிற்றி, மூன்றாம் ஆண்டு பள்ளியில் கட்டுறுப் பயிற்சியாக நிறுத்தி, பின் அரசு ஆசிரியராக நியமிக்கின்றன. ஜெர்மனியின் உதவியுடன் மலையகத்தில் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் உருவான ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளிலிருந்தே தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் நோக்குடன் 1990களில் எழுந்தது. தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்கள் அதே வீடுகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வந்தனர். சீனாவும் 2007 முதல் ஆறு ஆசிரியர் பல்கலைக்கழகங்களில் கட்டணமும் விடுதியும் இலவசமாக்கி, பத்தாண்டு கற்பித்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 2018இல் அது ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்காவில் இதே நிபந்தனை வேறுவிதமாக முடிந்தது. நலிந்த பகுதிகளில் நான்காண்டு கற்பிப்போருக்கான டீச் மானியத்தில், சான்றிதழ்ப் படிவத்தைக் காலத்தில் அனுப்பவில்லை என்ற காரணத்துக்காகவே பலருடைய மானியம் கடனாக மாற்றப்பட்டு, பின்னர் அரசே திருத்த வேண்டியதாயிற்று. உதவி பெறுபவரை மட்டும் கட்டிப்போட்டு, கொடுப்பவர் எதற்கும் கட்டுப்படாத ஏற்பாடு நீதியாகாது.

தமிழகத்தின் உதவித்தொகைகளில் மாணவர் மீது அத்தகைய கட்டு எதுவும் இல்லை என்பது பாராட்டத்தக்கதே. ஆயினும் அரசும் தன் பங்குக்கு எந்த வாக்குறுதியும் தருவதில்லை. பி.எட். படிக்கும் இரண்டாண்டுக்கும் மாதாந்தரத் தொகையை நீட்டிப்பது, பயிற்சிப் பள்ளிக்குச் செல்லும் இருபது வாரத்துக்குத் தனிப் படி வழங்குவது ஆகியவை உடனே செய்யக்கூடியவை. கிரிவலப் பாதை நெடுகிலும் அன்னதானத்துக்கு வாரி வழங்கும் கொடையாளர்கள், பாதையோரத்து ஊர்களில் பட்டயம் முடித்து டெட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஓராண்டுப் புத்தகச் செலவையும் பேருந்துச் செலவையும் ஏற்றால் அதுவும் பெரிய உதவிதான். பணியிலுள்ள ஆசிரியர்களும் டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்த பின், இத்தேர்வைக் காலம் தவறாமல் நடத்தும் தேவை இரட்டித்துவிட்டது. அதற்காகப் புதிய சட்டம் எதுவும் இயற்ற வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் தகுதித் தேர்வு நடத்தப்பட வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் ஏற்கெனவே கூறுகின்றன.