மண்ணை மறைக்காத மணி

சுடுமண் மணி ஒன்று கையில் கிடைத்தால் முதலில் துளையைப் பாருங்கள். வண்ணமும் வடிவமும் அப்புறம். துளையின் இரண்டு வாயும் நேராக இருக்கிறதா, விளிம்பில் பிசிர் நிற்கிறதா, நூல் உரசும் இடம் மழமழவென்று இருக்கிறதா என்று பார்த்தாலே செய்தவரின் கை தெரிந்துவிடும். பிசிர் இருந்தால் எவ்வளவு அழகான மணியும் சில மாதங்களில் தன் நூலைத் தானே அறுத்துக்கொள்ளும்.

தொல்லியலாளர்களும் துளையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு அகழாய்வுக் குழிகளில் கொட்டைப் பாக்கு வடிவத்தில் சுடுமண் உருண்டைகள் நிறையக் கிடைக்கின்றன. அது கழுத்தில் கிடந்த மணியா, நூல் நூற்ற தக்களியின் அடிக்குண்டா என்ற கேள்வி அடிக்கடி வரும். எடையும் துளையின் அகலமும் அதன் தேய்மானமும்தான் பதில் சொல்ல வேண்டும். ஆபரணமும் கருவியும் ஒரே மண்ணில், ஒரே கையால், ஒருவேளை ஒரே நாளில் உருட்டப்பட்டிருக்கலாம்.

தேனி மாவட்டத்து ஊரான தேவாரத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதை வெகுதூரத்தில் நடந்ததாகத் தோன்றும். அப்படியில்லை. இந்தியத் தொல்லியல் துறை 2013-14இல் வைகை ஆற்றுப் பள்ளத்தாக்கை நடந்து ஆராய்ந்து 293 இடங்களில் பழங்கால வாழ்விடத் தடயங்களைக் கண்டது. அந்த ஆய்வு தொடங்கியது நம் தேனிப் பக்கத்திலிருந்து. அதில் ஓர் இடம்தான் கீழடி. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையோடு கம்பம் பள்ளத்தாக்கின் முல்லையாற்று நீரும் சேர்ந்துதான் மதுரை தாண்டிக் கீழடிக்குப் போகிறது. ஆண்டிபட்டி வட்டத்தில், அதே வைகைக் கரையில் இருக்கும் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துகளோடு நடுகற்கள் கிடைத்தன. எழுதத் தெரிந்த, மாடு கவர்ந்து சண்டையிட்ட, இறந்த வீரனுக்குக் கல் நட்ட மக்கள் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். அவர்கள் வெறுங்கழுத்தோடு இருந்திருப்பார்கள் என்று நம்ப என்னால் முடியவில்லை.

2023 மார்ச் 5இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் மணிகளுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். பலரும் தேடுவது சிவந்த சூதுபவளத்தை. அந்தக் கல் குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்திலிருந்து வணிகர் வழியாக வந்தது என்பதால் அதற்கு மவுசு அதிகம். கண்ணாடி மணிகளுக்கும் தனிச் சரித்திரம் உண்டு. பழனிக்கு அருகே, மேற்கு மலையடிவாரத்தில் உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா.ராஜன் 2009, 2010இல் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள் வந்தன. ஜாடியில் வைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டதும் அங்கேதான். அரிக்கமேட்டில் கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிச் செய்த மணிகள் கடல் கடந்து போயின. அந்த முறையில் ஆந்திராவின் பாப்பநாயுடுபேட்டையில் நம் காலம் வரை மணி செய்திருக்கிறார்கள். கொடுமணலில் பச்சைக்கல்லும் பளிங்கும் பட்டை தீட்டினார்கள்.

இவற்றுக்கு நடுவே எளிமையாக உட்கார்ந்திருக்கிறது மண்மணி. அதற்கு வணிகப் பாதை தேவைப்படவில்லை. காலடியில் இருந்ததை எடுத்து, வீட்டு அடுப்புக்கு எட்டிய சூட்டில் சுட்டு, அணிந்துகொண்டார்கள். தங்கமும் சூதுபவளமும் வாங்க முடியாதவளின் கழுத்து அலங்காரத்துக்குச் சாட்சி அதுதான். எனக்கு அதன்மேல் இருக்கும் பிடிப்புக்குக் காரணமும் அதுவே.

இப்போது தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே ‘டெரகோட்டா நகை’ செய்கிறார்கள். பொட்டலத்தில் வரும் களிமண், சிலிக்கான் அச்சு, அக்ரிலிக் வண்ணம், ஜிமிக்கிக் கொக்கி, கியர் ஒயர் எல்லாம் தபாலில் வந்துவிடுகின்றன. வருமானம் வருகிறது, கை பழகுகிறது, நல்லது. ஆனால் என் மனத்தாங்கலை நேராகச் சொல்லிவிடுகிறேன். செய்யும் நகைகளில் பெரும்பகுதி, தான் மண் என்பதையே மறைக்கப் பார்க்கிறது. கோயில் நகை அச்சில் அழுத்தி, மேலே தங்க வண்ணம் பூசி, சிவப்புக் கல் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தங்கம் என்று நினைக்க வைப்பதே இலக்காக இருக்கிறது. வியர்வை பட்டால் அந்தப் பூச்சு உரியும். உரிந்தால் நகை குப்பைக்குப் போகும். மண்ணின் நிறமே நகையின் நிறமாக இருந்தால் உரிவதற்கு என்ன இருக்கிறது?

அதற்கு மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேவாரம் போன்ற மலையடிவார ஊர்களில் மேட்டுநிலச் செம்மண்ணும் சரளையும் கண்ணில் படும் அளவுக்குக் களிமண் படாது. செம்மண் தனியாக உருளாது, பிடித்தால் உதிரும். கண்மாயின் அடியில் பல காலம் படிந்த களிமண்தான் வேண்டும். ஒரு பிடி எடுத்து நனைத்துப் பிசைந்து, பென்சில் கனத்துக்குத் திரித்து, விரலில் மோதிரமாகச் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் சுற்றினால் மணிக்கு ஆகும். அதிகப் பிசுபிசுப்பாக இருந்தால் காயும்போது வெடிக்கும் என்பதால் மெல்லிய மணலோ சலித்த செம்மண்ணோ கலக்கலாம். செம்மண் கலந்தால் இன்னொரு லாபம், அதிலுள்ள இரும்பு சுட்டபின் நிறத்தை ஆழமாக்கும்.

எடுத்த மண்ணை நன்றாகக் காயவிட்டு, உடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். கல், வேர் நீங்குவதற்காக மட்டுமல்ல, சுண்ணாம்புத் துணுக்குகளுக்காகவும். கரிசல் கலந்த மண்ணில் கடுகளவு சுண்ணாம்புக்கல் இருக்கும். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும். மணி நன்றாகத்தான் வெளியே வரும். பிறகு காற்றின் ஈரத்தை அந்தத் துணுக்கு மெல்ல உறிஞ்சி, பருத்து, சில நாள் கழித்து மணியின் முகத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துத் தள்ளும். விற்ற பிறகு இது நடந்தால் வாங்கியவர் மறுபடி வரமாட்டார். மண் வடிகட்டும் வேலையில் காட்டும் சோம்பல் இப்படித்தான் திரும்பி வரும்.

பிசைவது காற்றுக் குமிழ் போகும்வரை. உருட்டுவது உள்ளங்கையில். துளையிடத் தென்னை ஈர்க்குச்சியை மிஞ்சிய கருவி இல்லை. மணி பாதி காய்ந்து, விரல் அழுத்தினால் குழியாத பக்குவத்தில், குச்சியைச் சுழற்றிக்கொண்டே ஒரு பக்கமிருந்து பாதிவரை, மறுபக்கமிருந்து மீதி. ஒரே குத்தாகக் குத்தினால் மறுவாய் பிய்ந்துகொண்டு வரும். சிலர் குச்சியை உள்ளேயே விட்டுச் சுடுகிறார்கள். அது எரிந்து சாம்பலாகித் துளை மிஞ்சும். ஆனால் மண் காயும்போது சுருங்கும், குச்சி சுருங்காது. மணி வெடிக்க அதுவே காரணமாகலாம். குச்சியை எடுத்துவிடுவதே என் கட்சி. மண்ணோடு துளையும் சுருங்கும் என்பதால் கோக்கப்போகும் நூலைவிடக் கொஞ்சம் பெரிதாகத் துளையிட வேண்டும்.

காய வைப்பதில் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஆனி, ஆடியில் மலைக் கணவாய்கள் வழியே இறங்கும் காற்று காற்றாலைகளையே சுழற்றுகிற காற்று. அந்தக் காற்றில் மணியை வைத்தால் மேல்தோல் ஒரே நாளில் இறுகி, உள்ளே ஈரம் தங்கி, கீறல் விழும். வீட்டுக்குள், மூடிய கூடையில், மேலே துணி போட்டு மெதுவாக உலர்த்தி, கடைசியில் மட்டும் வெயில் காட்ட வேண்டும்.

பிறகு நெருப்பு. மணியில் மிஞ்சிய ஈரம் 100 டிகிரியில் ஆவியாகி வழி தேடும். சூடு சட்டென்று ஏறினால் மணி தெறித்துவிடும். அதனால் முதல் சில மணி நேரம் புகைமூட்டம் மட்டும் போதும். களிமண்ணோடு பிணைந்திருக்கும் நீர் 450 முதல் 600 டிகிரிக்குள் வெளியேறும். அந்த எல்லையைத் தாண்டிய மண் திரும்பக் களிமண்ணாகாது. ஊரகச் சூளைகள் ஏறக்குறைய 700 முதல் 850 டிகிரி வரை எட்டும், மணிக்கு அது போதும். வெந்ததா என்று அறிய மணியைத் தண்ணீரில் போட்டு வைக்கலாம். கரைந்தால் வேகவில்லை. இரண்டு மணிகளைத் தட்டினால் ‘கிண்’ என்று வரவேண்டும், ‘தொப்’ என்று வரக்கூடாது.

நிறம் நெருப்பில்தான் முடிவாகிறது. காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். காற்றை அடைத்தால் கறுக்கும். மணிகளை ஒரு சட்டியில் உமியோடு போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, பானைச் சூளைக்குள்ளேயே வைத்துவிட்டால் கருகமணிக் கறுப்பு வரும். மணியின் ஒரு பாதியை உமியில் புதைத்து, மறுபாதிக்குக் காற்று படவிட்டால் ஒரே மணியில் கறுப்பும் சிவப்பும் சேரும். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைக்கும் கறுப்பு சிவப்புப் பானைகளின் தத்துவம் இதுவே. பானையைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டார்கள். காற்றுப் படாத உள்பக்கமும் வாய்விளிம்பும் கறுத்தன, மற்றது சிவந்தது. அந்தப் பானைகளின் பளபளப்புக்கும் வார்னிஷ் காரணமில்லை. மிக மெல்லிய களிமண் கரைசலைப் பூசி, சுடுவதற்கு முன் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தார்கள். தேய்த்த பரப்பு வியர்வையையும் எண்ணெயையும் சுலபத்தில் உறிஞ்சாது. அக்ரிலிக் டப்பாவுக்குப் பதில் ஆற்றில் பொறுக்கிய ஒரு கூழாங்கல் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கண்ணாடி மினுக்குப் பூச்சு வேண்டுவோருக்கு வேறு வழி இருக்கிறது, செலவும் கூடும். பூச்சு உருகும்போது மணி தட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சூடு தாங்கும் நிக்ரோம் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டுச் சுட வேண்டும். மின்சூளை அவசியம். குறைந்த சூட்டில் உருகும் மலிவுப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தோலில் படுவதும் குழந்தை வாயில் வைப்பதுமான பொருளில் அது கூடவே கூடாது. வாங்கும்போது ஈயமற்றது என்று எழுத்தில் கேளுங்கள். உயர்சூட்டு மட்பாண்டக் கலையை நம் பக்கம் வேரூன்ற வைத்தது புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. ஜெய்ப்பூர் நீலப் பாண்டக்காரர்கள் களிமண்ணே இல்லாமல், பளிங்குக்கல் பொடியையும் கண்ணாடித் தூளையும் பிசைந்து நீல மணிகள் செய்கிறார்கள். பழைய எகிப்தியரும் சிந்துவெளி மக்களும் செய்த நீலமணிகளும் கல்பொடியில் செய்தவைதான்.

வடிவத்துக்கு வருவோம். கோயில் நகைப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் தேவாரத்துக்காரர்கள் தங்கள் பாட்டிமாரின் காதை நினைக்கலாம். தண்டட்டியும் பாம்படமும் உருண்டை, கட்டம், தகடு என்று வெறும் கணித வடிவங்களால் ஆனவை. பூவும் இல்லை, மயிலும் இல்லை. பொன் தகட்டுக்குள்ளே அரக்கு நிரப்பியவை. அந்தத் துணிச்சலான வடிவங்கள் மண்ணுக்கென்றே பிறந்தவை போலிருக்கின்றன. உள்ளே கூடாக வைத்துச் செய்தால் காதுக்குப் பாரமும் குறையும். ஆவி வெளியேற ஒரு ஊசித்துளை மட்டும் மறக்கக்கூடாது. ஏலக்காயின் முப்பட்டை, மிளகின் சுருக்கம், பன்னீர்த் திராட்சையின் உருட்டு, இலவங்காயின் நீளம் இவையும் இந்த மண்ணின் வடிவங்கள். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் ஒருவர் அச்சு வாங்கிச் செய்ய முடியாததை இங்கே செய்ய வேண்டும்.

கோப்பதில் ஒரே ஒரு வார்த்தை. மண்மணியோடு மண்மணி உரசினால் இரண்டும் தேயும். மணிக்கு ஒரு முடிச்சு போட்டுப் பருத்தி அல்லது பட்டு நூலில் கோத்தால் உரசல் இல்லை, மாலை அறுந்தாலும் ஒரு மணிதான் விழும்.

இந்த ஊர்களில் இதற்கான கைகளுக்குப் பஞ்சமில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டியபின் திரும்பும் பெண்கள் தேவாரம், கோம்பை, போடி வட்டாரத்தில் ஏராளம். வளைந்த மலைச்சாலையில் நிறைந்து வழியும் அந்த ஜீப்புகளின் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். போடி ஏலக்காய்க் கடைகளில் உட்கார்ந்து பருமன் வாரியாகக் காய் பிரிக்கும் பெண்களுக்கு ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஒரு மாலைக்கு நூறு மணியை ஒரே அளவில் தேர்ந்தெடுக்க வேண்டிய தொழிலுக்கு அதைவிடப் பெரிய பயிற்சி எது? மணி செய்வது தோட்டக்கூலிக்கு ஈடான வருமானத்தை உடனே தரும் என்று நான் சொல்லமாட்டேன். வேலை இல்லாத மாதங்களில், பிள்ளைகள் பக்கத்திலிருக்க, வீட்டுத் திண்ணையில் செய்யக்கூடியது என்பது மட்டும் நிச்சயம்.

மண்ணுக்கும் பணத்துக்கும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. கண்மாய்களில் மண்பாண்டத் தொழிலுக்குக் களிமண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே கட்டணமின்றி அனுமதி பெறலாம் என்று தமிழக அரசு 2024இல் விதியைத் தளர்த்தியது. கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. வைகைக் கரை மானாமதுரையின் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே ஆற்றின் இன்னொரு ஊர் அது. மண்ணின் பெயரால் ஒரு ஊர் சந்தையில் நிற்க முடியும் என்பதற்கு இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

சொந்தச் சூளை கட்டும்வரை, பானை சுடும் வேளார் சூளையில் ஒரு சட்டிக்கு இடம் கேட்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கும் காலம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மண் காயாது. மார்கழி முழுக்கச் சூளையில் பொங்கல் பானை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் சுடவே அவர்களுக்கு நேரம் போதாது. தை பிறந்து பொங்கல் முடிந்ததும் போனால் மாசி வரை இடம் கிடைக்கும், வெயிலும் இதமாக இருக்கும், சூளைக்காரருக்கு நின்று பேச நேரமும் இருக்கும்.