பட்டின் மடிப்பு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் இருக்கிறது ஐயம்பேட்டை. தறிச் சத்தம் அந்த ஊரின் மூச்சு. அங்கே பாவாகவும் ஊடையாகவும் ஓடும் பட்டு நூல், முறுக்கேறி, பசை போகக் கொதிநீரில் வெந்து, சாயத்தில் முங்கித் தறிக்கு வந்தது. அத்தனை பாட்டுக்குப் பிறகும் அது வலுக் குறையாமல் நிற்கிறது. ஜரிகையையும் கோர்வையையும் கண்டு வியக்கிற நாம், அந்த வலு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

பட்டுப்புழுவின் சுரப்பிக்குள் இருக்கும்வரை பட்டு வெறும் கூழ். தண்ணீரில் கரைந்த ஃபைப்ராயின் என்ற புரதம். புழு தலையை எட்டுப் போடுவதுபோல் ஆட்டி அதை வெளியே இழுக்கிறது. இழுபடும் அந்தக் கணத்தில் புரதச் சங்கிலிகள் நீண்டு, பக்கத்தில் பக்கமாக அடுக்கி, ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பீட்டா தகடு என்பது இந்த அடுக்குக்கு அறிவியல் வைத்த பெயர். உலை கிடையாது, கடும் அமிலம் கிடையாது. மல்பெரி இலை தின்ற ஒரு புழு, சாதாரண வெப்பத்தில் இதைச் செய்து முடிக்கிறது. கைகூப்பத் தோன்றுகிற காரியம்தான்.

இந்த மடிப்புக்குக் கணக்குப் போட்டவர் நம் நாட்டுக்காரர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், தம் உடன்பணியாளர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள் உண்டு. அவை எந்தெந்த அளவில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்பதை அந்தப் படம் காட்டும். பீட்டா தகடுகள் எல்லாம் அதன் இடது மேல் பகுதியில் வந்து விழும். பட்டுக்கும் அங்கேதான் இடம். ராமச்சந்திரன் 2001இல் சென்னையில் காலமானார். முதுமையில் அவரைப் பீடித்த நோய்களில் பார்க்கின்சன் எனும் நடுக்குவாதமும் ஒன்று.

அந்த நோயில் மூளைக்குள் நடப்பதும் ஒரு மடிப்புதான். ஆல்ஃபா சைனுக்ளின் என்பது 140 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் முனைகளில், குறிப்பிட்ட வடிவம் ஏதுமில்லாமல் தளர்ந்து திரியும். நோய் வரும்போது அது பீட்டா தகடாக மடிந்து, அடுக்கடுக்காகச் சேர்ந்து, கரையாத இழையாகிறது. அல்சைமர் மறதிநோயில் அமிலாய்டு பீட்டா என்ற வேறொரு புரதம் இதையே செய்கிறது. பட்டில் சங்கிலிகள் இழையின் நீளவாட்டில் ஓடும். மூளையில் சேரும் இழையிலோ குறுக்குவாட்டில் நிற்கும். ராமச்சந்திரன் படத்தில் எல்லாமே அதே இடது மேல் பகுதிதான்.

அப்படியானால் அமிலாய்டு எனும் இந்தக் குறுக்கு மடிப்பே தீயதா? இல்லை. பட்டு அந்துப்பூச்சியின் முட்டை ஓடு அந்தக் குறுக்கு மடிப்பால் ஆனது என்று ஏதென்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000இல் எழுதினார்கள். உள்ளே வளரும் கருவைக் காப்பதே அதன் வேலை. முட்டையின் மேல் காப்பாக நிற்கும் ஒன்றைப் படைப்பு நம் மூளைக்குள் பார்த்தால் அபாயம் என்று கொள்கிறது. அதைக் கண்டுகொள்ள ஓர் ஏற்பாடும் வைத்திருக்கிறது.

அந்த ஏற்பாட்டின் பெயர் மைக்ரோக்ளியா. 1919இல் ஸ்பெயினின் பியோ தெல் ரியோ ஒர்த்தேகா இவற்றைத் தனி உயிரணுக்களாக அடையாளம் காட்டினார். உயிருள்ள எலியின் மூளையை 2005இல் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஓய்வில் இருப்பதாக எண்ணியிருந்த இந்த அணுக்கள் தங்கள் மெல்லிய கிளைகளை ஓயாமல் நீட்டி மடக்கி அக்கம்பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. குப்பை கிடைத்தால் விழுங்கிவிடும். நாம் தூங்கும்போதும் இந்த வேலை நடக்கிறது.

மைக்ரோக்ளியாவுக்குள் என்எல்ஆர்பி3 என்று ஒரு புரதம் உண்டு. பெயரில் அழகில்லை, ஆனால் வேலையைப் பாருங்கள். கோயில் உண்டியலைத் திறக்க இருவரிடம் இருக்கும் இரண்டு சாவிகளும் வேண்டும் அல்லவா, அதுபோல இதற்கும் இரண்டு அனுமதி. முதல் அறிகுறி வந்ததும் உயிரணு இந்தப் புரதத்தை அதிகம் செய்து தயாராக வைக்கும், அவ்வளவே. இரண்டாவதாக உண்மையான சேதம் தெரிய வேண்டும். விழுங்கிய அமிலாய்டு இழை செரிமானப் பையைக் கிழித்தாலோ, உயிரணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறினாலோ என்எல்ஆர்பி3 விழிக்கும். விழித்ததும் பத்து மூலக்கூறுகள் வட்டத் தட்டாகச் சேர்கின்றன. அதன்மேல் ஏஎஸ்சி என்ற துணைப்புரதம் திரண்டு ஒரே ஒரு புள்ளியாகிறது. அங்கே காஸ்பேஸ்-1 என்ற நொதி கூர்மை பெற்று இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெட்டி விடுவிக்கும். உயிரணுவின் சவ்வில் துளையிடும் புரதத்தையும் வெட்டும். துளை வழியே அந்த இன்டர்லூக்கின் செய்தியாக வெளியே பாயும். அழற்சி தொடங்கிவிட்டது.

அழற்சி என்றாலே கெட்டது என்று விளம்பரங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. இது இல்லாவிட்டால் கிருமிகளோடு நாம் பிழைப்பது கடினம். கிருமி அழிந்ததும் அடங்கிவிடுவதே இதன் அழகு. மூளையில் சேர்ந்த இழையோ எளிதில் அழிவதில்லை. சேதம் தொடர்வதால் இரண்டாம் சாவி பூட்டிலேயே நிற்கிறது, ஆண்டுக்கணக்கில். 2013இல் ஜெர்மனியின் மைக்கேல் ஹெனெகாவும் குழுவினரும் அல்சைமர் மாதிரி எலிகளில் என்எல்ஆர்பி3ஐ நீக்கிப் பார்த்தார்கள். அவற்றின் நினைவாற்றல் பெருமளவு காப்பாற்றப்பட்டது, அமிலாய்டும் குறைந்தது. 2017இல் அதைவிடச் சங்கடமான செய்தி வந்தது: வெடித்த மைக்ரோக்ளியாவிலிருந்து வெளியேறும் அந்த ஏஎஸ்சி புள்ளிகளே புதிய அமிலாய்டு திரள விதையாகின்றன.

இதே என்எல்ஆர்பி3தான் கால் கட்டைவிரலில் யூரிக் அமிலப் படிகம் சேரும்போது கீல்வாத வலியைக் கிளப்புகிறது. அந்த வலிக்குக் கொடுக்கும் கோல்சிசின், நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கிறது. இந்த அழற்சித் திரட்சியை அது தடுக்கும். அதற்காகச் செங்காந்தள் கிழங்கில் யாரும் கைவைக்க வேண்டாம், உயிரை வாங்கும் நஞ்சு அது. மூளைக்குள்ளும் கோல்சிசின் எளிதில் போகாது.

என்எல்ஆர்பி3ஐ மட்டும் குறிவைக்கும் எம்சிசி950 என்ற மூலக்கூறு 2015இல் அறிவிக்கப்பட்டது. 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், பார்க்கின்சன் மாதிரி எலிகளில் நரம்பணுக்கள் சாவதை அது தடுத்துக் காட்டியது. மனிதரிடம் மூட்டுவாதத்துக்காக நடந்த சோதனை, கல்லீரலில் பாதிப்பின் அறிகுறி தெரிந்ததால் நின்றது. அதன் வழியில் புதிய மருந்துகள் இப்போது சோதனையில் உள்ளன. அவை மூளைக்குள் நுழைய வேண்டும், பல ஆண்டுகள் உட்கொள்ளத் தக்கவையாக இருக்க வேண்டும்; நுரையீரலில் கிருமி புகும் நாளில் அங்கே அதே புரதம் விழித்தெழவும் இடம் கொடுக்க வேண்டும்.