கைவிசேடமும் கையூட்டும்

கடந்த டிசெம்பரில் எங்கள் பாடசாலைக்குத் தளபாடம் விற்க வந்த ஒருவர் என் மேசையில் ஒரு பெரிய பொதியை வைத்தார். மேலே ஒரு நாட்காட்டி. "சேர், புதுவருசத்துக்கு ஒரு சின்னச் சந்தோசம்" என்றார். விலைமனுக்கள் இன்னும் திறக்கப்படவில்லை. அவற்றைப் பார்க்கும் குழுவில் நானும் ஒருவன். "சந்தோசம்" என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இன்னொரு பொருளும் உண்டென்பது வாசகர் அறிந்ததே.

வேண்டாம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. "ஏன் சேர், உங்கட ஆக்கள் கைவிசேடம் வாங்கிறதில்லையோ?"

வாங்குவோம். யாழ்ப்பாண நகரில் வாப்பாவுக்கு ஓர் இரும்புக்கடை இருந்தது. சித்திரைப் புதுவருடத்தில் பக்கத்துக் கடை முதலாளி வெற்றிலையில் காசு வைத்து, "நானா, பிடியுங்கோ" என்று நீட்டுவார். அந்தக் காசால் அதிர்ஷ்டம் வரும் என்று வாப்பா நம்பியதில்லை. அயலவரின் அன்பென்றே வாங்கினார். பெருநாளில் எங்கள் வீட்டு வட்டிலப்பம் அக்கடைகளுக்குப் போகும். முட்டை சேராத சைவக்காரருக்குப் பேரீச்சம்பழம். கைவிசேடக் காசுகளை வாப்பா செலவழிக்காமல் ஒரு தகரப் பேணியில் சேர்த்துவந்தார். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது கடையோடு அதுவும் போயிற்று.

வியாபாரத்தில் அன்பளிப்பு பல சமூகங்களிலும் உண்டு, முறைதான் வேறு. ஜப்பானிய நிறுவனங்கள் நடு ஆண்டில் ஓச்சூகென், ஆண்டிறுதியில் ஓசெய்போ என இருமுறை வாடிக்கையாளருக்குப் பரிசு அனுப்பும். நான்கு என்ற எண்ணிக்கையைத் தவிர்ப்பார்கள். அதன் ஒலி மரணத்தை நினைவூட்டும். சீனருக்குக் கடிகாரம் ஆகாது. கடிகாரம் கொடுப்பதும் இறுதிக்கடன் செய்வதும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. நமக்கு வருவதில் மதுவோ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கிறதா என்று பார்க்கிறோம்.

இவையெல்லாம் பொருளைப் பற்றிய கவனங்கள். நம் மார்க்கம் இன்னொன்றையும் கேட்கிறது: எதற்காகத் தரப்படுகிறது? ஸக்காத் வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, ஒரு பகுதி பொதுவுக்கு, மற்றது தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றார். தாய் தந்தையர் வீட்டிலேயே இருந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஹதியாவையும் லஞ்சத்தையும் பிரிக்க இந்த ஒரு கேள்வி போதும். பதவி இல்லாவிட்டாலும் வருவது ஹதியா. பதவியைத் தேடி வருவது வேறு. இலங்கையின் 2023ஆம் ஆண்டு 9ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டம் தனியார் நிறுவனத்துக்குள் நடக்கும் லஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே இது அரச ஊழியருக்கு மட்டுமான கேள்வியுமல்ல.

பக்கத்துக் கடை முதலாளிக்கு வாப்பாவிடம் ஆகவேண்டிய காரியம் எதுவுமிருக்கவில்லை. எல்லோர் கண்முன்னும் கொடுத்தார். வாப்பாவும் திருப்பிக் கொடுத்தார். இதைத்தான் வந்தவருக்கு என்னால் இயன்றவரை சொன்னேன். பொதியை எடுத்துக்கொண்டார். எல்லாப் பாடசாலைக்கும் கொடுக்கும் நாட்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டேன். அது ஆசிரியர் அறையில் தொங்குகிறது.