எவரெஸ்ட் டாக்டரும் நெய்யூர் வயிறும்

வெளிநாட்டில் தொண்டு செய்யக் கிளம்புகிறவர்களை முதலில் பயமுறுத்துவது பாம்பும் தேளும்தான். குமரி மாவட்டத்திலும் அதற்குக் குறைவில்லை. வயல்வரப்பில் கண்ணாடிவிரியன், கோதையாறு மலைப்பக்கம் யானை. ஆனால் 1923-இல் நெய்யூருக்கு வேலைக்கு வந்த ஹோவர்ட் சாமர்வெல்லுக்குக் கடைசிவரை பிடிகொடுக்காத உயிரினம் காட்டில் இல்லை. அவரிடம் வந்த நோயாளிகளின் வயிற்றுக்குள் இருந்தது.

சாமர்வெல் இங்கிலாந்துக்காரர், அறுவை மருத்துவர், மலையேறி. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,200 மீட்டர் வரை ஏறியவர். பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், நெய்யூர் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒற்றை அறுவை மருத்துவரை நம்பிக் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வாழ்க்கை வேண்டாமென்று முடிவு செய்ய அது போதுமானதாக இருந்தது. 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனதுகூட நெய்யூரிலிருந்துதான்.

அன்று தென் திருவிதாங்கூராக இருந்த இந்தப் பகுதியில், முன்சிறுகுடல் புண் மிகச் சாதாரணம். இன்று நாம் அல்சர் என்கிறோமே, அதுதான். குடல் அடைத்துப்போய் எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்து வேறு வழி திறந்துவிட்டார் சாமர்வெல். இந்த அனுபவத்தில் விளைந்த நூலை 1948-இல் வெளியிட்டார். ஆனால், ஏன் இந்த ஊரில் மட்டும் இவ்வளவு புண் என்ற கேள்வி அவரையும் உடன் பணியாற்றிய டாக்டர் ஓர் என்பவரையும் விடவில்லை. வந்த ஊரின் சாப்பாட்டுத் தட்டைக் கவனிக்கத் தொடங்கினார்கள். சந்தேகம் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கின்மீது விழுந்தது.

மரச்சீனியும் வந்தேறிதான். தென் அமெரிக்கச் செடி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்ததால் ஏழைகளின் அன்றாட உணவானது. பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கிழங்கை நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும் நம் வீட்டுப் பழக்கம், ஆய்வுக்கூடம் எதுவும் சொல்லித்தராத நச்சுநீக்கம். ஆனால் மரச்சீனியில் புரதம் மிகக் குறைவு. குன்னூரில் உணவு ஆய்வு செய்துவந்த ராபர்ட் மக்கேரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனிச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். கால்பங்குக்கு மேற்பட்ட எலிகளுக்குப் புண் வந்தது. கோதுமை, பால், காய்கறி என்று பஞ்சாப் சாப்பாடு தின்றவை தப்பின. வழக்கு முடிந்ததென்றே தோன்றியிருக்கும்.

முடியவில்லை. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் நோயாளிகளின் இரைப்பைத் திசுவிலிருந்து ஒரு சுருள் பாக்டீரியாவை வளர்க்க முயன்றார்கள். வழக்கம்போல் இரண்டு நாளில் தட்டுகளைக் கழித்துக்கட்டியபோதெல்லாம் எதுவும் முளைக்கவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் கூடுதல் நாட்கள் மறந்து கிடந்த தட்டில் அது வளர்ந்திருந்தது: ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு குடியிருக்கும் கிருமி. மார்ஷல் அதை வளர்த்துக் குடித்தே பார்த்தார்; சில நாளில் இரைப்பை அழன்றது. புண்ணுக்குப் பின்னால் இந்தக் கிருமி இருப்பதைக் காட்டியதற்காக இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் சாமர்வெல் வீண் சந்தேகப்பட்டாரா? அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. இக்கிருமி மனிதன் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டபோதே கூட வந்தது. அவர் பிறந்த இங்கிலாந்திலும் அன்று ஏராளம். தொற்றியவர்களில் சிறு பங்கினருக்குத்தான் புண் வருகிறது. மைசூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய பிராங்க் டோவி பின்னாளில் சுட்டிக்காட்டியதும் இதையே: கிருமி இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே அளவு; புண் மட்டும் அரிசி தின்னும் தெற்கில் அதிகம். கிருமிக்கும் புண்ணுக்கும் நடுவே சாப்பாடு ஏதோ செய்கிறது என்பது அவர் கட்சி. நெய்யூரில் எழுந்த கேள்விக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

சாமர்வெல் பின்னர் வேலூர் சி.எம்.சி.யில் கற்பித்தார்; 1975-இல் இங்கிலாந்தில் காலமானார். அவர் கத்தி வைத்த நோய் இன்று பெரும்பாலும் மாத்திரையில் தீர்கிறது. ஆகவே, வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை மருத்துவரிடம் போய், இந்தக் கிருமி இருக்கிறதா என்று மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்துகொள்ளுங்கள். இருந்தால் இரண்டு வார மருந்து. அதை நடுவில் நிறுத்தாதீர்கள்.