பூனை இடம் தவறிச் சிறுநீர் கழிப்பதேன்?

எலித் தொல்லையின் பொருட்டுப் பூனை வளர்க்கும் வழக்கம் கேரளத்தின் தமிழ் பேசும் எல்லைப் பகுதிகளில் பரவலாக உண்டு. பாலக்காட்டு மாவட்டத்துச் சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் நெல்லும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், குமுளிப் பகுதிகளில் ஏலக்காய், மிளகு மூட்டைகளும் பூனையின் காவலில் இருக்கின்றன. அப்பூனையே மூட்டையின்மீது சிறுநீர் கழித்துவிடின், அதனை அடிப்போரும், சாக்கிலிட்டுத் தொலைவில் விட்டுவருவோரும் உளர். காரணத்தை ஆராயாது செய்யும் இச்செயலால் பயனில்லை. நோயுற்ற பூனையாயின் அதன் உயிருக்கே இது கேடாக முடியும்.

பூனை தோண்டுதற்கேற்ற, உலர்ந்த, பொலபொலப்பான மண்ணையே நாடும். மழை மறைவுப் பகுதியான மறையூரில் இத்தகைய மண் வீட்டின் புறத்தே எளிதிற் கிடைக்கும். மூணாற்றிலோ, ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் நிலம் சேறாகிவிடுகிறது. தோட்டத் தொழிலாளர் லயங்களில் வாழும் பூனை அப்போது அடுப்புச் சாம்பலையோ, மூலையிற் கிடக்கும் துணியையோ நாடுவது இயல்பே. அகன்ற தட்டொன்றில் இரண்டு அங்குல உயரத்திற்கு உலர்மணல் அல்லது மரத்தூள் பரப்பி, உணவுக் கலத்திற்குச் சேய்மையில் வைத்தல் வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தட்டு ஒன்று கூடுதலாக இருத்தல் நலம். சாம்பலை மட்டும் இடலாகாது. ஈரம் பட்டால் அது காரமாகிப் பாதத்தை உறுத்தும். மலத்தை நாள்தோறும் அகற்றுக. டாக்ஸோப்பிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வெளிப்படுமாயினும், தொற்றும் தன்மையை அடைய அதற்கு ஒரு நாளேனும் ஆகும். கருவுற்ற பெண்டிர் இவ்வேலையைப் பிறரிடம் விடுதல் தக்கது.

கடுவன் பூனை வாலை உயர்த்தி நின்றவாறு சுவரின்மீது சிறிதளவு பீய்ச்சுமாயின், அது எல்லையைக் குறிக்கும் செயலாகும். தட்டை மாற்றுவதால் இது நீங்காது. விதை நீக்கம் செய்யப்பட்ட கடுவன்களில் பத்தில் ஒன்பது வரை இப்பழக்கத்தை விட்டுவிடுகின்றன.

களப்பணியாளர் முதன்மையாக அறியவேண்டியது பிறிதொன்று. பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்ததாகலின், வீட்டுப்பூனை குறைவாகவே நீர் அருந்தும். அதன் சிறுநீர் மிகச் செறிவானது. அதில் படிகங்கள் தோன்றுவதுண்டு. கடுவனின் சிறுநீர்க் குழாய் குறுகலானதாகலின், படிகமும் சளியும் சேர்ந்து அதனை அடைத்துவிடக்கூடும். பூனை பலமுறை குந்தி முக்கும், கத்தும், குறியை ஓயாது நக்கும், சில துளியோ, குருதி கலந்த நீரோ மட்டுமே வெளிப்படும். மலச்சிக்கல் என எண்ணி வீட்டார் காலந்தாழ்த்துவதுண்டு. அடைப்பு நீங்காவிடின் குருதியில் பொட்டாசியம் மிகுந்து, இதயம் நின்று, இரண்டு மூன்று நாட்களில் பூனை இறந்துபடும். ஆகவே அன்றே மிருகாசுபத்திரிக்குக் கொண்டு செல்க. வயிற்றை அழுத்திப் பார்த்தல் கூடாது, சிறுநீர்ப்பை கிழியக்கூடும். பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. உணவில் நீர் கலந்து கொடுத்துவரின், அடைப்பு மீண்டும் நேரும் வாய்ப்புக் குறையும்.

இனித் துப்புரவு செய்தல். பூனைச் சிறுநீரிலுள்ள ஃபெலினின் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலம் 1953இல் பிரித்தெடுக்கப்பட்டது. இது சிறிது சிறிதாகச் சிதைந்து நாற்றமுடைய பொருளாக மாறுவதால், கழுவிய இடமும் சில நாட்களில் மீண்டும் நாறுகிறது. அந்நாற்றமே பூனையை அங்கு மீண்டும் அழைக்கிறது. நாற்றம் போக்கக் கறுப்புப் பினாயில் தெளிப்பது நம் வீடுகளின் வழக்கம். மனிதருக்கு அவ்வளவு தீங்கு செய்யாத ஃபீனாலைப் பூனையின் ஈரல் எளிதில் சிதைக்க வல்லதன்று. பாதத்தில் ஒட்டியதை நக்கியே அது நஞ்சேறப் பெறும். சிறுநீரின்மீது பிளீச்சிங் பவுடர் தூவினால் மூச்சை அடைக்கும் வாயு எழும். சிமெண்டுத் தரையைச் சோப்புத்தூள் கரைத்த நீரால் இருமுறை கழுவி உலர்த்தினால் போதும். மண்தரையாயின், நனைந்த மண்ணைச் சுரண்டி எறிந்து, புதுமண் இட்டுச் சாணத்தால் மெழுகுக.