கல், காற்று, பெண்கள்: ஒரு தீவின் அருங்காட்சியகம்



அருங்காட்சியகம் என்றாலே "பழைய சிலை, பழைய காசு, நமக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்கிறோம். தென் கொரியாவில் ஜேஜு என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே 1984-ல் திறந்த அருங்காட்சியகம் ஒன்று, தீவின் மண்ணையும் மக்களின் வாழ்க்கையையும் சேர்த்தே காட்டுகிறது. ஏன் சேர்த்து? பார்ப்போம்.

மண் எப்படி?

ஜேஜு எரிமலை கக்கிய குழம்பு இறுகி உண்டான தீவு. நடுவில் 1,947 மீட்டர் உயர ஹல்லா மலை. எங்கு பார்த்தாலும் ஓட்டை ஓட்டையான கறுப்புக் கல். மழை நிறைய பெய்தாலும் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, கடலோரத்தில்தான் ஊற்றாக வரும். அதனால் நெல் வயல் மிகக் குறைவு. பெண்கள் ஊற்றுத் தண்ணீரை மண் ஜாடியில் பிடித்து, கூடையில் வைத்து முதுகில் சுமந்தார்கள். அந்த ஜாடியையும் கூடையையும் அங்கே பார்க்கலாம். தண்ணிக் குடம் சுமந்த நமக்கு அதன் பாரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடலில் இறங்கிய பெண்கள்

நிலம் கைகொடுக்காததால் பெண்கள் கடலில் இறங்கினார்கள். இவர்களை 'ஹேன்யோ' என்கிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. மூச்சை அடக்கி சுமார் 10 மீட்டர் ஆழம் வரை போய் சிப்பி, சங்கு, கடற்பாசி எடுப்பார்கள். அந்தக் காலத்தில் மிதக்கப் பிடித்துக்கொண்டது என்ன தெரியுமா? நம்ம ஊர் மாதிரி சுரைக்குடுக்கைதான்!

இவர்களுக்கென்று தனியாக ஒரு அருங்காட்சியகம் 2006-ல் திறக்கப்பட்டது. 2016-ல் யுனெஸ்கோ இவர்கள் பண்பாட்டை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அவர்களும் குழுதான்

தனியாக யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். கரையில் கல்சுவர் எழுப்பி, நடுவில் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து பேசி முடிவு எடுப்பார்கள். எந்த மாதம் எதை எடுக்கக் கூடாது என்பதும் கூட்டு முடிவுதான். 1932-ல் ஜப்பானியர் ஆட்சியில் சரக்குக்கு விலையைக் குறைத்து ஏமாற்றியபோது திரண்டு போராடினார்கள். சில ஊர்களில் கடலின் ஒரு பகுதியைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கி, அங்கே எடுத்த பாசியை விற்று வகுப்பறை கட்டினார்கள்.

இன்னொன்று, 'பாட்டி கடல்'. ஆழத்துக்குப் போக முடியாத வயதான பெண்களுக்காகக் கரையோரம் ஆழம் குறைந்த இடத்தை விட்டுவைப்பார்கள். இளையவர்கள் அங்கே கை வைப்பதில்லை.

இன்று ஹேன்யோக்கள் 3,000 பேருக்கும் குறைவு. பெரும்பாலோர் 60 வயது தாண்டியவர்கள்.

நம் கூட்டங்களில் "வயசாயிடுச்சு, கடன் கட்ட முடியாது, பேரை எடுத்துடலாம்" என்ற பேச்சு வருகிறது. ஆரம்பத்தில் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தது அந்த அம்மாக்கள்தானே?

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் மூத்த உறுப்பினர்கள் எத்தனை பேர்?
2. அவர்களால் செய்யக்கூடிய வேலை, கட்டக்கூடிய சிறு கடன் எது?
3. நம் ஊர் 'பாட்டி கடல்' எது?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.