கைப்பற்றுதலும் பறிமுதலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து அமைந்த ஊர் வ. புதுப்பட்டி. அங்கே பெட்டிக்கடை நடத்தும் முதியவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "தம்பி, இது நான் காசு கொடுத்து வாங்கி வைத்த சரக்கு. போலீஸார் எடுத்துக்கொண்டு போனால் அது போனதுதானா? கேட்பதற்கு எனக்கு வழி உண்டா?"

வினா சிறிதுதான், அதன் வேரோ ஆழமானது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறித்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு கூறுகிறது. அப்படியாயின், புகையிலைச் சரக்கைக் கைப்பற்றும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அதன் எல்லை யாது? இவ்விரண்டையும் இன்று காண்போம்.

முதலில் சரக்கை வகைப்படுத்திக்கொள்வோம். சிகரெட்டும் பீடியும் முதல் வகை. இவற்றை விற்பது குற்றமன்று. விதியை மீறி விற்பதே குற்றம். 2003ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், விற்பதையும் தடுக்கிறது. உறையின்மேல் எச்சரிக்கைப் படம் இல்லாத சரக்கும் விதிமீறலே.

குட்கா முதலிய மெல்லும் புகையிலைப் பண்டங்கள் இரண்டாம் வகை. உணவுப் பொருளில் புகையிலையும் நிக்கோட்டினும் சேரலாகாது என்ற விதியை ஆதாரமாகக் கொண்டு, 2013 மே மாதத்தில் தமிழ்நாட்டில் இவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஓராண்டுக்கென இடப்படும் அத்தகைய ஆணையை ஆண்டுதோறும் புதுப்பிப்பது முறையா என்ற வழக்கு எழுந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை ரத்துச் செய்தது; அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அதிகாரத்தின் ஊற்று எதுவென்று கேட்பது வீண் வாதமன்று என்பதை இவ்வழக்கு நமக்குக் காட்டுகிறது.

மூன்றாம் வகை மின்சிகரெட். இதனைச் செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், விளம்பரப்படுத்தல் ஆகிய யாவையும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் தடுக்கப்பட்டுள்ளன. முதற் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரக்கை வைத்துக்கொள்ளத் தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

இனி, முதியவரின் வினாவுக்கு வருவோம். கைப்பற்றுதல் வேறு, பறிமுதல் வேறு. கைப்பற்றுதல் அதிகாரியின் செயல், அது தற்காலிகமானது. பறிமுதல் நீதிமன்றத்தின் முடிவு. அதனால்தான் பொருளின் உரிமை கைமாறுகிறது.

2003ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தக் காவலரும் கடைக்குள் புகுந்து கைப்பற்றிவிட இயலாது. சார்பு ஆய்வாளர் பதவிக்குக் குறையாதவராகவோ, அதற்கு இணையான பதவியில் உள்ள அதிகாரியாகவோ இருத்தல் வேண்டும். சட்டம் மீறப்பட்டது என்று நம்புவதற்குக் காரணமும் இருத்தல் வேண்டும். சோதனையின்போது உள்ளூர்ச் சாட்சிகள் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி சோதனையைக் காட்சிப் பதிவும் செய்தாக வேண்டும்.

அவ்வாறு கைப்பற்றிய சரக்கையும் மாவட்ட நீதிபதியின் ஒப்புதலின்றி 90 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆகவே புதுப்பட்டிக் கடைக்காரர் நியாயம் தேடி நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. பறிமுதல் செய்யுமுன் காரணத்தை எழுத்தில் தெரிவித்து, உரிமையாளரின் விளக்கத்தையும் கேட்டாக வேண்டும். முடிவு பாதகமாயின் மேல்முறையீடும் உண்டு.

இவற்றையெல்லாம் சொன்னதும் முதியவரின் முகம் மலர்ந்தது. "பள்ளிக்கூட வாசலிலிருந்து தெரு வளைந்து வளைந்து வருகிறது, நடந்து பார்த்தால் 150 கெஜத்துக்குக் குறையாது. ஆகையால் எனக்குக் கவலையில்லை" என்றார். நானோ விதியின் மறுபாதியையும் சொல்ல வேண்டியவனானேன். தூரத்தை அளப்பது தெருவழியாக அன்று. பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்க்கோட்டில். இருவரும் கயிறு பிடித்து அளந்தோம். 70 கெஜம்கூட இல்லை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சிறுபிள்ளைக்கு விற்றால் என்ன தண்டனை?" என்று கேட்டார். புகையிலைச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய்தான். ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்றேன். "என் பேரனும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான்" என்று மெல்லக் கூறியவர், சிகரெட் பெட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். அன்றாட வருவாயில் ஒரு பகுதி அதனோடு போகிறது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

மாணவ நண்பர்களே, நல்ல சட்டத்துக்கு இரு கைகள் உண்டு. ஒரு கை உங்களைத் தீய பழக்கத்தினின்று காக்கிறது. மற்றொரு கை அந்த முதியவரை முறைகேட்டினின்று காக்கிறது. ஒன்றை அறிந்து மற்றொன்றை அறியாதவர் சட்டத்தைப் பாதியே அறிந்தவராவார்.